புது கார் ஆர்டர் கொடுக்கப் போகிறேன், விலையை எங்கே பிடித்து இறக்குவது?

#1 திண்ணைவாசி

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இது முதல் பதிவு. வாங்கப் போவதும் முதல் புது கார்.

நான் கேட்கும் வேரியன்ட், அதுவும் அந்தச் சாம்பல் நிறத்தில், எந்த டீலரிடமும் ஸ்டாக் இல்லை. தொழிற்சாலைக்கு ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். காத்திருக்கத் தயார். விலைதான் இடிக்கிறது.

நேற்று ஷோரூமில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விற்பனைக்கு இருந்த இளைஞர் நல்ல மாதிரிதான். ஆனால் "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று மட்டும் நான்கு தடவை கேட்டுவிட்டார். மொத்த விலை என்ன என்று நான் கேட்கும்போதெல்லாம் பேச்சு எப்படியோ தவணைக்கே போய் நின்றது. கடைசியில் விசிட்டிங் கார்டைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் ஒரு தொகையை எழுதி, "இது இன்று மாலை வரைக்கும்தான் சார்" என்றார். கொட்டேஷனாக அடித்துத் தாருங்கள் என்றால், புக்கிங் போட்டால்தான் சிஸ்டத்தில் வருமாம்.

அதோடு, நான் கேட்காத ஆக்சஸரீஸ் பேக் ஒன்று, பெயிண்ட் பாதுகாப்பு, 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி. எல்லாம் சேர்ந்து கூட்டுத்தொகையில் உட்கார்ந்திருக்கின்றன.

"ஆர்டர் வண்டிக்கு டிஸ்கவுண்ட் கிடையாது, ஸ்டாக்கில் நிற்கிற வண்டிக்குத்தான்" என்கிறார். இது உண்மையா, இல்லை எல்லோரிடமும் சொல்லும் வசனமா?

#2 ஓட்டைவாளி

முதல் தப்பை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். "இந்த நிறம்தான் வேண்டும்" என்று அவர் காதில் போட்டபோதே பாதி பேரம் முடிந்தது. கடையில் பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்பன் எப்படி விலை குறைப்பான்?

#3 முன்னாள்ஷோரூம்

திண்ணைவாசி சார், நான் பதினோரு வருடம் அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். இப்போது வேறு வேலை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஸ்டாக் வண்டி பெரும்பாலும் டீலர் கடன் வாங்கி நிறுத்தியிருக்கும் வண்டி. அது வெயிலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். மூன்று மாதம் தாண்டிய வண்டியைப் பார்த்தாலே எங்கள் மேனேஜருக்கு முகம் கறுக்கும். அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று இறங்கி வருவார். உங்கள் ஆர்டர் வண்டியில் அந்த அவசரம் அவருக்கு இல்லை.

சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இது: அந்த வட்டிச் செலவும் அவருக்கு இல்லை. வண்டி லாரியிலிருந்து இறங்கும் முன்பே வாங்க ஆள் இருக்கிறது. இடம் அடைக்காது, தூசி தட்ட வேண்டாம், விற்குமா விற்காதா என்ற கவலை கிடையாது. ஒரு கொட்டேஷன், ஒரு ஆர்டர், ஒரு டெலிவரி, அவ்வளவுதான் வேலை. அப்படிப்பட்ட விற்பனைக்கு ஏன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நாங்கள் கொடுத்திருக்கிறோம். கேட்டவர்களுக்கு.

#4 திண்ணைவாசி

நன்றி சார். மாதக் கடைசியில் போனால் டார்கெட்டுக்காக இறங்குவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, ஆர்டருக்கும் அது பொருந்துமா?

#5 முன்னாள்ஷோரூம்

இங்கேதான் பலரும் கணக்குத் தப்புகிறார்கள். கார் கம்பெனி டீலருக்குத் தரும் போனஸ், நான் இருந்த இடத்தில், வாடிக்கையாளர் கைக்கு வண்டி போய்ச் சேர்ந்த எண்ணிக்கையை வைத்துத்தான். இந்த மாதம் ஆர்டர் போட்டு மூன்று மாதம் கழித்து வரும் வண்டி, இந்த மாத டார்கெட்டுக்கு ஒரு துளியும் உதவாது. ஆகவே 30ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் போய் நின்று ஆர்டர் கொடுப்பதால் டீலர் உருகிவிட மாட்டார். விற்பனையாளருக்கு மட்டும் தனியாக புக்கிங் டார்கெட் இருந்தால் அவர் உங்களுக்காக உள்ளே போய் வாதாடுவார்.

மாதக் கடைசி மந்திரம் ஸ்டாக் வண்டிக்கு. ஆர்டர் வண்டிக்கு உங்கள் பலம் வேறு: அதே வண்டியை அதே தொழிற்சாலையிலிருந்து எந்த டீலர் மூலமாகவும் நீங்கள் வரவழைக்கலாம். ஸ்டாக் வண்டி என்றால் "இந்த நிறம் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது" என்று சொல்லலாம். ஆர்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யாரிடமும் இல்லை என்பதுதான் உங்களுக்கு நல்லது.

அதனால் ஓட்டைவாளி தம்பி சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். வேரியன்ட், கியர் வகை, நிறம், வேண்டிய ஆப்ஷன் எல்லாவற்றையும் துல்லியமாக எழுதி, மூன்று நான்கு டீலருக்கு ஒரே மெயில் அனுப்புங்கள். கேட்பது ஒரே கேள்வி: சாவி என் கைக்கு வரும் வரை நான் கட்ட வேண்டிய கடைசித் தொகை என்ன, அதில் எது எது அடக்கம்? போனில் கூப்பிட்டால், "மெயிலிலேயே அனுப்பிவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

#6 ஓட்டைவாளி

சார், விலை கேட்டால் "மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன்" என்று கண்ணாடி அறைக்குள் போகிறீர்களே, உள்ளே என்னதான் நடக்கிறது? ரொம்ப நாள் சந்தேகம்.

#7 முன்னாள்ஷோரூம்

பாதி நேரம் உண்மையாகவே கேட்போம். மீதிப் பாதி நேரம், மேனேஜர் வேறு ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், நான் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "எவ்வளவு கேட்கிறார்?" என்பார் நிமிராமலே. சொல்வேன். "இன்னும் ஐந்து நிமிஷம் நில்" என்பார். ஐந்து நிமிஷம் கழித்து, திட்டு வாங்கியவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அந்த முகத்துக்குப் பயிற்சியே உண்டு.

காத்திருக்க வைப்பதுதான் அதில் விஷயம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு வெறுங்கையோடு எழுந்து போக மனம் வராது. அதனால்தான் மெயில் என்றேன். மெயிலில் எங்கள் முகம் தெரியாது.

#8 கணக்கர்

தவணைக் கேள்வியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதற்கு மட்டும் பதிலே சொல்லாதீர்கள். ஊருக்கு ஊர் பணம் வேறு என்பதால் கடன் தொகையை 100 என்று வைத்துப் பார்ப்போம்.

வருடத்துக்கு 9 சதவீதம், நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் கடன். ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதம் 2.08, மொத்தமாகக் கட்டுவது 124.5. அதையே ஏழு வருடமாக்கினால் மாதம் 1.61தான், மொத்தம் 135. மாதத் தவணையை மட்டும் பார்ப்பவர் "அடேயப்பா, இவ்வளவு குறைத்துவிட்டார்களே" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். வண்டி விலையில் ஒரு காசு குறைந்திருக்காது. வட்டியாகப் பத்துக்கு மேல் கூடியிருக்கும்.

அடுத்தது, 'ஃப்ளாட்' வட்டி. "7 சதவீதம்தான் சார், பேங்கைவிடக் குறைவு" என்பார்கள். 100 கடனுக்கு வருடம் 7 வீதம் ஐந்து வருடம், 35 வட்டி, ஆக 135. அதை 60 மாதமாகப் பிரித்தால் மாதம் 2.25. நீங்கள் மாதா மாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி வரை முழு 100க்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக் கணக்கில் இது கிட்டத்தட்ட 12.5 சதவீதம். இரண்டு கடனை ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்க்காதீர்கள். அதே தொகை, அதே மாதங்கள், மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பொய் சொல்ல இடமே இருக்காது.

#9 பழையடயர்

கணக்கர் சார், வட்டியே இல்லாத 0 சதவீதக் கடன் என்றால்? கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்தானே?

#10 கணக்கர்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எடுங்கள். 0 சதவீதம் எடுத்தால் ரொக்க டிஸ்கவுண்ட் கிடையாது என்பது வழக்கமான நிபந்தனை. வண்டி 100. ரொக்கமாக வந்தால் 6 தள்ளுபடி, ஆக 94. அந்த 94ஐ வெளியே 9 சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். மூன்று வருடத்தில் அடைத்தால் மொத்தம் 107.6 ஆகிறது; அப்போது 0 சதவீதக் கடனில் 100 கட்டுவதே லாபம். ஒரே வருடத்தில் அடைப்பதாக இருந்தால் 98.6தான்; தள்ளுபடி லாபம். இந்த எண்களுக்கு எல்லைக்கோடு சுமார் 16 மாதத்தில் வருகிறது. உங்கள் தள்ளுபடி வேறு, வட்டி வேறு என்றால் கோடும் நகரும், போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். செயலாக்கக் கட்டணம் என்று தனியே ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்க மறக்காதீர்கள்.

#11 முன்னாள்ஷோரூம்

கணக்கர் சொன்னதோடு ஒன்று. புது வண்டியை மட்டும் விற்று டீலருக்குக் கிடைப்பது வெளியே நினைக்கிற அளவுக்கு இல்லை. கடன் ஏற்பாடு செய்தால் கமிஷன், இன்சூரன்ஸில் கமிஷன், நீட்டிப்பு வாரண்டியில் நல்ல பங்கு, ஆக்சஸரீஸில் அதைவிட நல்ல பங்கு, பழைய வண்டி எக்ஸ்சேஞ்சில் தனி லாபம், பிற்பாடு சர்வீஸ். அதனால் வண்டி விலையில் இறங்கி வந்துவிட்டு, மற்ற ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைப்பார்கள். விலை பேசி முடித்த களைப்பில் நீங்கள் "சரி சரி, போடுங்கள்" என்பீர்கள். பெயிண்ட் பாதுகாப்பு என்று உங்களிடம் போட்டிருக்கிறார்களே, அது அப்படி வந்த வரிதான்.

திண்ணைவாசி சார், 'கையாளும் கட்டணம்' எந்த வேலைக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி அரசுக்குக் கட்ட வேண்டியதற்கு ரசீது இருக்கும். ரசீது காட்ட முடியாத வரியெல்லாம் பேரத்துக்கு உரியதே.

#12 நிலவொளி

நானும் ஒன்று சொல்கிறேன். போன வருடம் என் சொந்தச் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கப் போனேன். துணைக்குத் தம்பி வந்தான், அவனுக்கு ஓட்டவே தெரியாது. விற்பனையாளர் இன்ஜின், மைலேஜ், விலை எல்லாம் அவனிடம் பேசினார். என் பக்கம் திரும்பியது ஒரே ஒரு தடவை: "மேடத்துக்குக் கலர் பிடிச்சிருக்கா?" தம்பி பாவம், "அக்காதான் வாங்குறாங்க" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து, பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு அதே டீலருக்கு மெயில் அனுப்பினேன். அதே வேரியன்ட், அதே நிறம். வந்த தொகை, நேரில் எனக்குச் சொன்னதைவிட 2 சதவீதத்துக்கு மேல் குறைவு. அந்த மெயிலை அச்செடுத்துக்கொண்டு போய் அதே மேஜையில் வைத்தேன். அவர் அதைப் படித்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே!

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. அயர்ஸ், சீகல்மன் என்ற இருவர் சிகாகோ வட்டாரத்தில் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரே வசனத்தைச் சொல்லிக்கொடுத்து, ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி கொடுத்து, ஆட்களை டீலர்களிடம் அனுப்பினார்கள். 300க்கும் மேற்பட்ட பேரங்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பேசியும் அப்படி. ஆகவே "உங்களுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் முழுக்க நம்பாதீர்கள்.

#13 முன்னாள்ஷோரூம்

நிலவொளி அம்மா சொல்வதை மறுக்க மாட்டேன். வாசலில் நுழைபவரின் செருப்பையும் வாட்சையும் பார்த்து விலை முடிவு செய்த காலம் எனக்கே உண்டு. தப்புதான்.

#14 பழையடயர்

எக்ஸ்சேஞ்ச் பற்றி என் அனுபவம். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது ஆர்டர் போட்டேன். புது வண்டியில் 4 சதவீதம் குறைத்தார்கள். எனக்கு ஒரே குஷி. பழைய வண்டிக்கு அவர்கள் போட்ட மதிப்பை அப்போது வெளியே விசாரிக்கவில்லை. பிறகு நண்பர் ஒருவர், என் வண்டி மாதிரியே உள்ள ஒன்றை நேரடியாக விற்றபோதுதான் தெரிந்தது: புது வண்டியில் குறைத்ததைவிட அதிகமாகப் பழையதில் பிடித்துவிட்டார்கள்.

இரண்டு பேரத்தையும் ஒரே மேஜையில் கலக்க விடாதீர்கள். புது வண்டியின் கடைசித் தொகை எழுத்தில் வந்த பிறகு, "ஆமாம், பழைய வண்டி ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். ஆர்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று போடும் மதிப்பு மூன்று மாதம் கழித்தும் செல்லுமா? எனக்குச் செல்லவில்லை. டெலிவரி அன்று மறுபடியும் சோதனை என்று சொல்லி இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள். இத்தனை கிலோமீட்டர் வரை ஓடியிருந்தால் இந்த மதிப்பு மாறாது என்று முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

#15 காத்திருந்தவன்

எல்லோரும் விலையை இறக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆர்டர் வண்டியில் பெரிய அடி விலை ஏறுவதில்தான் இருக்கிறது. எனக்கு விழுந்ததைச் சொல்கிறேன்.

2021. சிப் தட்டுப்பாடு உலகம் முழுக்க கார் தொழிற்சாலைகளைப் படுத்திக்கொண்டிருந்த நேரம். நன்றாகப் பேரம் பேசி, முன்பணம் கட்டி, நான்கு மாதத்தில் வண்டி என்றார்கள். ஒன்பது மாதம் ஆனது. இடையில் கம்பெனி இரண்டு தடவை விலை ஏற்றியது. டெலிவரி அன்று பில்லைப் பார்த்தால் நான் பேசிய தள்ளுபடி பத்திரமாக இருக்கிறது, ஆனால் அது கழிக்கப்பட்டிருப்பது புது விலையிலிருந்து. சண்டை போட்டேன். அந்த மனிதர் அமைதியாக என் புக்கிங் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்: டெலிவரி நாளன்று நடப்பில் உள்ள விலையே செல்லும். கீழே என் கையெழுத்து, நானே அடையாளம் கண்டுகொண்டேன்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரத்துக் கட்டணம் என்றார்கள். அதுவும் அதே பக்கத்தில் இருந்தது. கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன், வேறு என்ன செய்ய?

திண்ணைவாசி, உங்கள் பேரத்தில் முதலில் வாங்க வேண்டியது அந்த ஒரு வரிதான். புக்கிங் நாள் விலையே செல்லும் என்று. அது முடியாது என்றால், விலை ஏறினால் ரத்துக் கட்டணம் இல்லாமல் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்று. 3 சதவீதம் தள்ளுபடிக்காக மூச்சைப் பிடித்துப் பேசிவிட்டு இந்த வரியைக் கவனிக்காமல் விட்டால், பேசியதெல்லாம் வாசல்படியைத் தாண்டாது.

#16 முன்னாள்ஷோரூம்

காத்திருந்தவன் சார் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. விலை ஏற்றம் கம்பெனி கையில், டீலர் கையில் இல்லை என்பது உண்மை. அதனால் "விலை ஏறாது" என்று எழுதித் தர எந்த டீலரும் தயங்குவார். ஆனால் "ஏறினால் அந்த வித்தியாசத்தில் இவ்வளவு வரை நான் ஏற்கிறேன்" என்றோ "பணம் திரும்ப வரும்" என்றோ எழுத முடியும். வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை; மூன்று மாதத்தில் அந்த விற்பனையாளரே வேறு ஷோரூமுக்குப் போயிருப்பார். இந்தத் தொழிலில் அது சர்வசாதாரணம்.

விலை குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே வரியில் கேட்டு வையுங்கள். ஆர்டருக்கும் டெலிவரிக்கும் நடுவில் கம்பெனி ஆஃபர் அறிவிப்பதும் நடக்கும்.

#17 கியர்பெட்டி

எனக்கு இந்தப் பேரமே பிடிக்காது. நிர்ணய விலை என்று ஒன்று வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஜெனரல் மோட்டார்ஸ் 1990இலேயே சாட்டர்ன் என்ற பிராண்டில் 'பேரம் கிடையாது, ஒட்டியிருப்பதே விலை' என்று விற்றது. டெஸ்லாவில் இன்றும் பேரம் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் 2021இலும் பிரிட்டனில் 2023இலும், கம்பெனியே விலை வைத்து விற்கும், டீலர் வெறும் முகவர் என்ற முறைக்கு மாறியது. நிலவொளி சொன்ன அநியாயமும் அதில் நடக்காது அல்லவா?

#18 காத்திருந்தவன்

நடக்காதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரம் இல்லை என்றால் விலை அசையாது என்று அர்த்தமில்லை. டெஸ்லா 2023 ஜனவரியில் சீனாவில் விலையைக் குறைத்தபோது, கொஞ்ச நாள் முன்னால் வாங்கியவர்கள் ஷோரூம்களில் கூடிக் கூச்சல் போட்டார்கள். அங்கே விலையைக் குறைப்பதும் கம்பெனிதான், எப்போது என்று முடிவு செய்வதும் கம்பெனிதான். நீங்கள் வெறும் பார்வையாளர். சாட்டர்னும் 2010இல் கடையை மூடியாயிற்று, பேரம் இல்லாததால் என்று சொல்ல வரவில்லை.

#19 முன்னாள்ஷோரூம்

முகவர் முறையிலும் பேரம் முழுதாக ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. வண்டி விலை கறார். பழைய வண்டியின் மதிப்பு, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் இவற்றில் கேட்டுப் பார்க்கலாம்.

#20 ஓட்டைவாளி

என் மாமா ஒருவர் விற்பனையாளரைக் கசக்கிப் பிழிந்துவிட்டார். கடைசிச் சொட்டு வரை. டெலிவரி அன்று வண்டியில் எரிபொருள் முள் அடியில் கிடந்தது, தரைவிரிப்பு இல்லை, கழுவின ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்திலேயே இன்னொருவருக்கு ரிப்பன் கட்டி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். மாமாவுக்கு அந்த ரிப்பன்தான் இன்றும் உறுத்துகிறது.

#21 முன்னாள்ஷோரூம்

ரிப்பனுக்கு விலை கிடையாது, மாமாவிடம் சொல்லுங்கள். ஆனால் விஷயம் சரிதான். முரட்டுத்தனமாகப் பேசுபவருக்கு நாங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டியதை மட்டும் கொடுப்போம். கறாராகவும் சிரித்த முகமாகவும் பேசுபவருக்காக ஓடியிருக்கிறோம்.

டெலிவரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆர்டர் போட்டும், வேறு யாரோ ரத்து செய்த பழைய வண்டியை "உங்களுடையது சீக்கிரமே வந்துவிட்டது" என்று தள்ளிவிடுவது உண்டு. பணம் முழுதும் கட்டும் முன் சேசிஸ் எண்ணை வாங்கி, தயாரிப்பு மாதம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 17 எழுத்து கொண்ட அந்த எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் வருடம் என்று இணையத்தில் போடுவார்கள். அது வட அமெரிக்க விதி, எல்லா நாட்டு வண்டிக்கும் பொருந்தாது. சுலபமான வழி டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3524 என்றால் 2024ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்த டயர். டயர் வண்டியைவிடச் சில வாரம் மூத்ததாக இருப்பது சகஜம். அவர்கள் சொல்லும் தயாரிப்பு மாதத்தைவிட எட்டு மாதம் மூத்ததாக இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். அது ஸ்டாக் வண்டியாக இருக்கலாம்; அப்படியானால் விலையும் ஸ்டாக் வண்டியின் விலையாக இருக்க வேண்டும்.

#22 திண்ணைவாசி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், சொல்ல விஷயம் இருக்கிறது.

நான்கு டீலருக்கு ஒரே மெயில் அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் தினமும் போனில் கூப்பிட்டார், மெயிலில் மட்டும் வரமாட்டேன் என்கிறார். இரண்டு பேர் வரி வரியாகக் கொட்டேஷன் அனுப்பினார்கள். புக்கிங் போடாமலேயே சிஸ்டத்தில் வந்தது, என்ன ஆச்சரியம்!

குறைவாகச் சொன்னவரின் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் ஷோரூமுக்கே போனேன், வீட்டுக்குப் பக்கம் என்பதால். மேனேஜர் அறைக்கு அந்த இளைஞர் கிளம்பியபோது, "எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நான் வெளியே நடந்துவிட்டு வருகிறேன்" என்றேன். கதவருகே போவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

முதலில் பென்சிலில் எழுதிய தொகையை 100 என்று வைத்தால், முடிந்தது 95.5. குறைந்த 4.5இல் பாதி உண்மையான தள்ளுபடி. மீதி ஆக்சஸரீஸ் பேக்கையும் பெயிண்ட் பாதுகாப்பையும் எடுத்ததால் குறைந்தது. கையாளும் கட்டணத்துக்கு ரசீது கேட்டேன், அந்த வரி தானாக மறைந்தது. கடன் என் பேங்கில். விலை ஏறினால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்பதை மேனேஜர் கையால் எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆனது. புக்கிங் நாள் விலையே செல்லும் என்று எழுத மறுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து படிவத்தைப் பிரித்தால், நீட்டிப்பு வாரண்டி என்று ஒரு வரி அப்படியே இருக்கிறது. எல்லோரும் எச்சரித்தும் கண்ணில் படவில்லை.

#23 கணக்கர்

களைப்பில் திறந்த ஜன்னல். முன்னாள்ஷோரூம் சார் அன்றே சொன்னாரே.

#24 முன்னாள்ஷோரூம்

பதற வேண்டாம். வண்டி பில் ஆகும் முன் அதை எடுக்கச் சொல்வது சுலபம். இன்றே மெயில் போடுங்கள், போனில் சொல்லாதீர்கள். கம்பெனி வாரண்டி ஓடும் காலத்திலேயே நீட்டிப்பைப் பிறகு வாங்க முடியுமா, அப்போது விலை என்ன என்றும் அதே மெயிலில் கேளுங்கள்.

#25 திண்ணைவாசி

மெயில் போட்டேன். எடுத்துவிட்டார்கள், திருத்திய படிவமும் வந்துவிட்டது. நன்றி சார்.

இப்போது வேறு பிரச்சினை. வீட்டில் சாம்பல் நிறம் வேண்டாமாம், நீலம்தான் நன்றாக இருக்கிறதாம். மாற்றினால் பேசிய விலை போய்விடுமா?

#26 ஓட்டைவாளி

இந்த நிறத்துக்காகத்தானே ஐயா மூன்று மாதம் காத்திருக்கத் தயார் என்றீர்கள்!

#27 முன்னாள்ஷோரூம்

தொழிற்சாலை உங்கள் வண்டிக்குத் தயாரிப்பு வாரம் ஒதுக்கும் வரை பொதுவாக மாற்றலாம். நீலத்துக்கு நிறக் கட்டணம் தனியாக இல்லை என்றால் விலை அப்படியே நிற்க வேண்டும். கையால் எழுதிய அந்த வரியும் புதுப் படிவத்துக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் பழைய படிவத்தோடு போய்விடும். வீட்டில் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, நாளைக் காலையே கூப்பிடுங்கள்.